மயோர்க்கா மலைச்சாலையில் எதிர்ப்பட்டவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

மெதுவண்டி:

ஏப்ரலில் ஒரு வாரம் ஸ்பெயினின் மயோர்க்கா தீவில் சைக்கிள் மிதித்துவிட்டு வந்தோம். திரும்பி வந்து யோசித்தால் மலைகளைவிட வழியில் எதிர்ப்பட்டவர்கள்தான் நினைவில் நிற்கிறார்கள். போய் வந்தவர்கள் ஆளுக்கொன்று சொல்லுங்களேன். நானே ஆரம்பிக்கிறேன். எனக்கு எதிர்ப்பட்டது ஒரு சுற்றுலாப் பேருந்து.

சா கலோப்ரா சாலை ஒரு விசித்திரம். மற்ற மலைகளில் ஏறிவிட்டு இறங்குவோம். இங்கே முதலில் இறங்கவேண்டும். கடலைத் தொட்டதும் சாலை முடிந்துவிடும், வந்த வழியேதான் திரும்பி ஏறியாகவேண்டும். ஏறத்தாழ 9.5 கிலோமீட்டர், சராசரி 7 சதவீத ஏற்றம், 26 கொண்டை ஊசி வளைவுகள். 1930-களில் அந்தோனியோ பாரியெத்தி என்ற பொறியாளர் வடிவமைத்தது. உச்சிக்குப் பக்கத்தில் சாலை ஒரு வட்டம் அடித்துத் தனக்கு அடியிலேயே நுழைந்து போகும். ‘டை முடிச்சு’ என்பது அதன் பெயர். படத்தில் பார்த்தபோது அழகாக இருந்தது. இறங்கும்போதோ, இதையெல்லாம் திரும்ப ஏறணுமே என்று வயிற்றைக் கலக்கியது.

என் தவறு, காலையில் காபியும் என்சைமாதாவுமாக உட்கார்ந்து நேரத்தைப் போக்கியது. (அது சுருள் சுருளாக, மேலே சர்க்கரைத் தூள் தூவிய பன். அதற்காகத் தாமதமானதில் பாதிதான் வருத்தம்.) கீழே போய்த் திரும்பும்போது மணி பதினொன்றைத் தாண்டிவிட்டது, பேருந்துகள் வரிசையாக இறங்க ஆரம்பித்துவிட்டன. அடிவாரத்திலிருந்து கொஞ்ச தூரத்தில் இரண்டு பெரிய பாறைகளுக்கு நடுவே சாலை நெருங்கிப் போகும் ஓர் இடம் உண்டு. நான் அந்த இடுக்குக்குள் பாதி தூரம் போயிருப்பேன், மறுமுனையில் பேருந்தின் முகப்பு வந்து வாயை அடைத்துக்கொண்டு நின்றது.

நிறுத்தலாம் என்றால் ஷூ பெடலில் மாட்டியிருக்கிறது. ஏற்றத்தில் ஒருமுறை கழற்றிவிட்டால் மறுபடி மாட்டிக் கிளம்புவது பெரும்பாடு. ஓட்டுநர் பிரேக்கை அழுத்திய ‘புஸ்’ சத்தம் பாறையில் மோதித் திரும்பியது. அவர் ஹாரன் அடிக்கவில்லை. ஸ்டியரிங் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு, ‘நீ வா’ என்பதுபோல் தலையை மட்டும் அசைத்தார். பின்னால் இரண்டு கார்கள், இன்னொரு பேருந்து. அத்தனை பேரும் எனக்காக நிற்கிறார்களே என்ற கூச்சத்தில் மிதித்தேன் பாருங்கள், அந்த வாரம் முழுவதும் அப்படி மிதிக்கவில்லை. கடக்கும்போது என்ஜின் சூடு கெண்டைக்காலில் அடித்தது. ஓட்டுநர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரே ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். அடுத்த வளைவில் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஐந்து நிமிடம் மூச்சு வாங்கினேன்.

கொண்டைஊசி:

பேருந்து பரவாயில்லை. என்னை வழிமறித்தது ஆடு. ஃபோர்மென்டோர் முனைக் கலங்கரை விளக்கத்துக்குப் போகிற சாலையும் அதே பாரியெத்தி போட்டதுதான். நடுவில் விளக்கில்லாத சுரங்கம் ஒன்று, அதைத் தாண்டியதும் கடற்காற்று பக்கவாட்டில் தள்ளும். கலங்கரை விளக்கத்தை எட்டிப்பிடித்து, மதில்மேல் உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முதுகுப் பையில் ஏதோ இழுபட்டது. திரும்பினால் வாழைப்பழம் ஆட்டின் வாயில், தோலோடு. என்னிடம் இருந்த ஒரே சாப்பாடு அது. திரும்பி வரும் வழி தட்டை என்று நினைப்பவர்களுக்கு: அந்தப் பக்கமும் நன்றாகவே ஏற்றம் இருக்கிறது.

ஆரஞ்சுத்தோல்:

நாங்கள் தங்கியது சோயெர் என்ற ஊரில். வாடகைக்கு எடுத்த சைக்கிளில் பின்பக்கப் பெரிய பல்சக்கரத்துக்குச் செயின் ஏறவே மாட்டேன் என்றது. கொடுக்கும்போது கடைக்காரர் ஸ்டாண்டில் ஒருமுறை சுற்றிப் பார்த்திருந்தால் போதும். அடுத்து புய்க் மஜோர் மலை ஏற்றம், 14 கிலோமீட்டர், அந்தப் பல்சக்கரம் இல்லாமல் ஏறுவது கடினம். ஃபோர்னாலுட்ச் கிராமத்துக்குத் திரும்பும் இடத்துக்குப் பக்கத்தில் நிறுத்திச் சைக்கிளைத் திட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துப் படலைத் திறந்துகொண்டு ஒரு தாத்தா வந்தார். அவர் பேசியது கத்தலான் மொழி, அதில் எனக்குத் தெரிந்தது ‘போன் தியா’ (காலை வணக்கம்) மட்டும். சைக்கிளின் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிக்கச் சொல்லிக் கையால் காட்டினார். நான் தூக்க, அவர் பெடலைச் சுற்றிக்கொண்டே கேபிள் முனையில் உள்ள சின்னத் திருகை அரைச் சுற்று திருப்பினார். ‘கிளிக்’ என்று செயின் ஏறிவிட்டது. காசு நீட்டினேன், கையைத் தட்டிவிட்டார். உள்ளே போய் இரண்டு ஆரஞ்சு கொண்டுவந்து என் முதுகுப் பையில் அவரே செருகினார்.

உச்சிச் சுரங்கத்தைத் தாண்டியதும் கூபெர் நீர்த்தேக்கம் வரும். அங்கே உட்கார்ந்து உரித்தோம். கிரீஸ் கையோடு சாப்பிட்டதில் அவ்வளவாகக் குறையொன்றும் தெரியவில்லை.

மெதுவண்டி:

கொண்டைஊசி, தோலோடா! அடுத்த தடவை நானும் ஆரஞ்சுத்தோல் தங்கிய ஊரில்தான் தங்கப்போகிறேன். சா கலோப்ரா போக நினைப்பவர்களுக்கு: காலை ஒன்பதுக்குள் கீழே இருங்கள். என்சைமாதாவை ஏறி முடித்தபிறகு வைத்துக்கொள்ளலாம்.