புஜ் பூகம்பமும் 40 டஜன் ஸ்கூல் பேக்கும்

தாராவிக்காரன்:
பூகம்பத்தில் கடை போனவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தவர்கள் மும்பையில் நிறையப் பேர் இருப்பீர்கள். எழுதுங்கள். முதலில் நானே ஆரம்பிக்கிறேன்.

2001-ல் அப்பாவுக்குத் தாராவியில் பை தைக்கிற பட்டறை. ஆறு மெஷின். ஜனவரி நடுவில் குஜராத்தின் கட்ச் மாவட்டத்தில் இருக்கிற புஜ் நகரத்து வியாபாரி ஒருவருக்கு 40 டஜன் ஸ்கூல் பேக் லாரியில் ஏற்றிவிட்டிருந்தோம். பணம் 45 நாளில் என்று பேச்சு. 26-ஆம் தேதி குடியரசு தினம், லீவுதான். ஆர்டர் நெருக்கடியில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. காலை 8.46-க்கு மும்பையிலும் ஆட்டம் இருந்ததாம். ஆறு மெஷின் அதிர்கிற தகரக் கொட்டகையில் எங்களுக்கு அது எங்கே தெரியப்போகிறது? மத்தியானம் டீக்கடை டி.வி.யில்தான் பார்த்தோம். புஜ், பச்சாவ், அஞ்சார், ராப்பர் என்று ஊர் ஊராகப் போயிருந்தது. போன் கிடைக்கவில்லை. அப்பாவுக்கு ஆள் இருக்கிறாரா என்ற கவலை, அம்மாவுக்குப் பாக்கி என்ன ஆகும் என்ற கவலை.

மார்ச் முதல் வாரம் ஆளே நேரில் வந்து நின்றார். யாரோ கொடுத்த சட்டை, தோளில் இரண்டு விரல் பெரிசு. பணம் தர வந்திருக்கிறார் என்று அப்பா பெஞ்சைத் துடைத்து உட்காரவைத்தார். அவர் கேட்டதோ சரக்கு. “அண்ணா, ஸ்கூல் பேக் இப்போது போகாது. பூட்டுப் போடுகிற மாதிரி பை கொடு” என்றார். ஜனங்கள் கூடாரத்தில் கிடக்கிறார்கள், கதவு கிடையாது. ரேஷன் கார்டு, பாஸ்புக், மிஞ்சிய நகை எல்லாவற்றையும் எங்கே வைப்பார்கள்? எதிரெதிராக இழுக்கிற இரண்டு ஜிப், இரண்டின் தலையிலும் ஓட்டை, அதில் சின்னப் பூட்டு நுழைய வேண்டும். தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பூட்டை எடுத்து மெஷின் மேல் வைத்து அளவு காட்டினார்.

பழைய பாக்கி பற்றி இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை. அப்பா ஒரு டீயை அரை மணி நேரம் குடித்தார். அப்புறம் 10 டஜன் கொடுத்தார், அதுவும் கடனுக்கு. அம்மா ஒரு வாரம் பேசவில்லை. ரோட்டோரம் தகர கேபின் போட்டு விற்று மூன்று வாரத்தில் ரொக்கம் அனுப்பினார். அடுத்து 30 டஜன் போனது. அவர் எழுந்து நின்றது நிவாரணத்தால் இல்லை, கடனுக்குச் சரக்குக் கொடுக்க ஓர் ஆள் இருந்ததால். இதுதான் என் கட்சி.

முலுந்து கணக்கர்:
சின்னக் கடைக்கு அது சரி தம்பி. அதற்காக அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று ஆகிவிடாது. 2001 ஜூலை 31-ல் கட்ச் மாவட்டத்தில் புதிதாகத் தொடங்கும் தொழிற்சாலைகளுக்கு ஐந்து வருட எக்சைஸ் (உற்பத்தி வரி) சலுகை வந்தது. வரியை முதலில் கட்ட வேண்டும், பிறகு ரீஃபண்ட். தொடங்குவதற்கான கடைசித் தேதியை 2005 டிசம்பர் 31 வரை நீட்டினார்கள். அந்த டிசம்பர் முழுக்க நான் அஞ்சார் பக்கம் ஒரு கிளையன்ட் ஷெட்டில் கிடந்தேன். பாதிக் கூரைதான் போட்டிருந்தது; குளிரில் மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு முதல் இன்வாய்ஸ் போட்டபோது இரவு பதினொரு மணி. 2008-ல் சலுகையைச் சுருக்கினார்கள், கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போயின, 2020-ல் உச்ச நீதிமன்றம் அரசு பக்கம் தீர்ப்பளித்தது. அது தனிக்கதை. அந்தச் சலுகை இல்லாவிட்டால் கட்சுக்கு இத்தனை தொழிற்சாலை வந்திருக்காது. ஆனால் உங்கள் பை வியாபாரிக்கு அதில் என்ன கிடைத்திருக்கும்? அவர் என்றைக்கு எக்சைஸ் கட்டினார்!

சயான் பாலிசி:
நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஃபயர் பாலிசி இருக்கிறதே என்று நிம்மதியாக இருந்த கடைக்காரர்களைப் பார்த்திருக்கிறேன். அதில் நிலநடுக்கத்தைத் தனியாகச் சேர்த்திருக்க வேண்டும் என்பது அவர்களுக்கே தெரியாது. 2021 ஏப்ரலில் வந்த பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா பாலிசியில் சேர்ந்தே வருகிறது. 5 கோடி வரை சொத்து உள்ளவர்களுக்கு. தாராவிப் பட்டறைகளும் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். (விளம்பரம் இல்லை, சரி, கொஞ்சம் விளம்பரம்தான்.)

மாட்டுங்கா சேலைக்காரி:
நான் அஜ்ரக் சேலை, அதாவது கட்சில் மரக்கட்டையால் அச்சுப் போடுகிற சேலை, வாங்கி விற்கிறேன். ஒரு கண்காட்சியில் அச்சுக்காரர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, “உங்கள் ஊர்ப் பெயரும் துணிப் பெயரும் ஒன்றாக இருக்கிறதே” என்று கேட்டேன். ஊரே பூகம்பத்துக்குப் பிறகு வந்ததுதான் என்றார். முதலில் எல்லோரும் தமட்கா கிராமம். வீடு விழுந்ததைக்கூடத் தாங்கிக்கொண்டார்களாம். கிணற்றுத் தண்ணீரில் இரும்பு ஏறிவிட்டது. இரண்டு துண்டுத் துணியை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் விரித்தார். ஒன்றில் மஞ்சிட்டிச் சிவப்பு, மாதுளை முத்து மாதிரி. இன்னொன்று அதே சாயம், அதே படிகாரம். ஆனால் பழைய ரத்தக்கறை போல மங்கிக் கிடந்தது. இரும்பு பட்டால் சிவப்பு நிற்காது. வீட்டைக் கட்டிக்கொடுக்க எத்தனையோ பேர் வரலாம், தண்ணீரை யார் கொடுப்பார்கள்? நல்ல தண்ணீர் தேடி புஜ் பக்கம் நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் அஜ்ரக்பூர். 2024-ல் கட்ச் அஜ்ரக்குக்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனாலும் சிலர் தமட்காவை விட்டு நகரவே இல்லை.

அது கிடக்கட்டும் தாராவி அண்ணே, அந்த 40 டஜன் என்ன ஆச்சு? சொல்லவே இல்லையே.

தாராவிக்காரன்:
பாதி இடிபாட்டிலிருந்து எடுத்தாராம். கூடாரப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அப்படியே கொடுத்துவிட்டார், அதற்கும் சேர்த்து எங்கள் பில். கடை இருந்த சந்து, புதிய நகரத் திட்டத்தில் ரோட்டை அகலப்படுத்தியபோது ரோட்டுக்குள் போய்விட்டது. வாடகைக்கு இருந்தவர், கேட்க வழியில்லை. இப்போது ஊருக்கு வெளியே கடை. பாக்கி இரண்டாயிரம், மூவாயிரமாக வந்து 2004 தீபாவளிக்கு முடிந்தது. டிராலி பேக்தான் இப்போது எடுக்கிறார். 45 நாள் என்று பேசிவிட்டு 70 நாளில் அனுப்புகிறார், பூகம்பம் எதுவும் இல்லாமலே.