வெளிப் பைப்பின் உள் வால்வை மூடியும் சொட்டு நிற்கவில்லை. குளிருக்கு முன் என்ன செய்யலாம்?

புதுவீட்டுக்காரன் (திங்கள் இரவு)

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடம் ஃப்ளாட்டில் இருந்துவிட்டு, இந்தச் சித்திரையில்தான் கனடாவில், டொராண்டோவின் ஸ்காபரோவில் ஒரு பழைய வீடு வாங்கினோம். 1960களில் கட்டியது, கீழே பேஸ்மென்ட். ஃப்ளாட்டில் குளிர்காலம் என்றால் ஜன்னலைச் சாத்துவதோடு என் வேலை முடிந்துவிடும். இங்கே எதை முதலில் தொடுவது என்றே தெரியவில்லை.

இப்போது தலையிடி வெளிப் பைப். பின்சுவரில், நாங்கள் கத்தரிக்காய்க்குத் தண்ணீர் விட்ட பைப். அதற்குப் போகும் செப்புக் குழாயில், பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கும் தொட்டிக்கு மேலே ஒரு வால்வு இருக்கிறது. முன்பு இருந்தவர் அதில் ஒரு அட்டை கட்டி 'அக்டோபரில் மூடவும்' என்று எழுதி வைத்திருக்கிறார். புண்ணியவான். மூடினேன். வெளியே போய்ப் பைப்பைத் திறந்தேன். கொஞ்சம் ஓடி மெலிந்தது, ஆனால் நிற்கவில்லை. நான்கு விநாடிக்கு ஒரு சொட்டு. வால்வின் பக்கத்தில் விரல் நுனி அளவில் ஒரு பித்தளை மூடி இருந்தது. அதைக் கழற்றினால் அங்கேயும் சொட்டு. நேற்று இரவு கீழே வெறும் தயிர் வாளி ஒன்றை வைத்தேன், காலையில் பாதி நிறைந்திருந்தது.

வெள்ளி இரவு மைனஸ் 4 என்கிறார்கள். மாமி தன் பழைய கம்பளிக் காலுறையைப் பைப்புக்கு மாட்டிவிட்டிருக்கிறா. அது போதுமா?

இன்னொன்று. நேற்று வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை முதல் தடவை போட்டோம். வீடு முழுக்கக் கருகல் மணம். அம்மா அடுப்பில் ஏதோ அடிப்பிடித்துவிட்டது என்று குசினிக்கு ஓடினா. இது வழமையா, பிழையா?

பனிவழிச் சாரதி

ஹோஸ் இன்னும் பூட்டியபடி இருக்கிறதா? முதலில் அதைக் கழற்றி, தண்ணீரை வடித்துச் சுருட்டி உள்ளே வையுங்கள். பைப்பை லேசாகச் சொட்டவே விடுங்கள், ஓடுகிற தண்ணீர் உறையாது. அப்புறம், அந்த வால்வை யாரோ தலைகீழாகப் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய ஸ்பானர்

ஹோஸ் சரி. மற்ற இரண்டும் சரியில்லை, சாரதி. சொட்ட விடுவது வீட்டுக்குள் இருக்கும் பைப்புக்குச் சொல்லும் வைத்தியம். வெளிப் பைப்பில் ஒவ்வொரு சொட்டும் வாயிலேயே உறைந்து, மெழுகுதிரி வடிவது போலப் படிந்து படிந்து வாயை அடைத்துவிடும். பின்னால் வருகிற தண்ணீர் குழாயில் சிறைப்படும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் பருக்கும். ஐஸ் கட்டிக்கும் மூடிய வால்வுக்கும் நடுவில் அகப்பட்ட தண்ணீருக்குப் போக இடமில்லை, அழுத்தம் ஏறிச் செம்பு கிழியும். அன்றைக்கே தெரியாது. ஐஸ் அடைத்துக்கொண்டு கிடக்கும். வசந்தத்தில் ஆசையாகப் பைப்பைத் திறக்கும்போதுதான் பேஸ்மென்ட் சுவருக்குள்ளே தண்ணீர் கொட்டும்.

தலைகீழ் கதையும் இல்லை. அந்தச் சின்ன மூடி வால்வின் வெளிச்சுவர்ப் பக்கம் இருக்க வேண்டும். தண்ணீர் மீட்டர் பக்கம் இருந்திருந்தால், கழற்றிய உடனே முழு அழுத்தத்தில் தம்பியின் முகத்தில் பீய்ச்சியிருக்கும். சொட்டுகிறது என்பதால், வால்வுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது என்றுதான் கணக்கு.

தம்பி, இரண்டு விஷயம் சொல்லுங்கள். வால்வின் கைப்பிடி வட்டமா, நீட்டா? வெளிப் பைப்பின் கைப்பிடி சுவரைப் பார்த்து நேராக இருக்கிறதா, மேலே சாய்வாக இருக்கிறதா?

காலுறை மாமியின் அன்பு. அது சூட்டை உண்டாக்காது, குளிர் உள்ளே போவதைக் கொஞ்சம் தாமதப்படுத்தும், அவ்வளவுதான்.

மார்க்கம் அக்கா

கருகல் மணத்துக்குப் பயப்பட வேண்டாம். கோடை முழுக்கப் படிந்த தூசி முதல் சூட்டில் எரிகிறது, கொஞ்ச நேரத்தில் போய்விடும். நாள் கணக்கில் இருந்தாலோ, பிளாஸ்டிக் எரிவது போல மணந்தாலோ, ஃபர்னஸை நிறுத்திவிட்டு உரிமம் உள்ள ஆளைக் கூப்பிடுங்கள். கூழ்முட்டை மணம் என்றால் அது காஸ். சுவிட்ச் ஒன்றையும் தொடாமல் எல்லோரும் வெளியே போய், அங்கிருந்து ஃபோன் பண்ணுங்கள். கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே கிடையாது. படுக்கையறைகளுக்குப் பக்கத்தில் அலாரம் வேலை செய்கிறதா என்று இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

ஃபர்னஸின் காற்று ஃபில்டரை மாற்றினீர்களா? அதன் விளிம்புச் சட்டத்தில் அம்புக்குறி இருக்கும், அது ஃபர்னஸைப் பார்த்து இருக்க வேண்டும்.

வெளிச்சுவரில் இரண்டு வெள்ளைக் குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் அவை ஃபர்னஸின் மூக்கும் வாயும். முன்னால் இலை குவியவோ பனி மூடவோ விடாதீர்கள். போன தை மாதம் எங்கள் வீட்டில் காற்று பனியை அள்ளிக்கொண்டுவந்து இரண்டையும் மூடி, விடிய மூன்று மணிக்கு ஃபர்னஸ் தானாக நின்றுவிட்டது. பனி அள்ளும் சவல் கராஜில், கராஜ் கதவு உறைந்து திறக்கவில்லை. இவர் சோற்றுப்பானை மூடியால் தோண்டினார். அந்த மூடி இன்னும் நெளிவாகத்தான் இருக்கிறது.

புதுவீட்டுக்காரன் (செவ்வாய்)

நன்றி அக்கா. மணம் போய்விட்டது. ஃபில்டரை இழுத்துப் பார்த்தேன், சாம்பல் நிறக் கம்பளி மாதிரி வந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, வாங்கிய நாளிலிருந்து தொடவில்லை.

ஸ்பானர் அண்ணை, வால்வின் கைப்பிடி வட்டம். வெளிப் பைப்பின் கைப்பிடி மேல்நோக்கிச் சாய்வு. நானே வாஷர் மாற்றலாமா? அதற்குள் வெள்ளி வந்துவிட்டால்?

பழைய ஸ்பானர்

சாய்ந்த கைப்பிடி என்றால் அநேகமாகச் சாதாரணப் பைப். உறையாத வகையில் கைப்பிடி பெரும்பாலும் நேரே முன்னால் இருக்கும், அடைக்கும் இடம் ஒரு நீளக் கம்பியின் முனையில், வீட்டின் சூட்டுக்குள் இருக்கும். உங்களுடையது சுவருக்கு வெளியே அடைக்கிற சாதி, ஆகவே உள் வால்வு பிடித்தே ஆக வேண்டும்.

வெள்ளிக்குள் முடியாவிட்டால் வெளிப் பைப்பைத் திறந்தும், சின்ன மூடியைக் கழற்றியும் வைத்து, தயிர் வாளியைக் கீழேயே விடுங்கள். வாய் அடைத்தாலும் தண்ணீர் வாளிக்கு வழி தேடிக்கொள்ளும், அழுத்தம் ஏறாது. ஒரு இரவுக்குத் தாக்குப்பிடிக்கும். மாதக் கணக்கில் அப்படி விடாதீர்கள்.

மாற்றுவது கடினமில்லை. மீட்டருக்குப் பக்கத்தில், வீட்டுத் தண்ணீர் முழுவதையும் அடைக்கும் மெயின் வால்வை மூடுங்கள். அதை மெதுவாகத் திருப்புங்கள், வருடக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். அசையவே மாட்டேன் என்றால் மல்லுக்கட்ட வேண்டாம். தெருவோர வால்வு நகரசபையின் கையில், அவர்களின் 311 எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள். மெயின் மூடியதும் தோய்க்கும் தொட்டிப் பைப்பைத் திறந்து வடிய விடுங்கள். பிறகு ஒரு ஸ்பானரால் வால்வின் உடம்பைப் பிடித்துக்கொண்டு, மற்றதால் கைப்பிடிக்குக் கீழேயுள்ள பெரிய நட்டைக் கழற்றுங்கள். உடம்பைப் பிடிக்காமல் திருகினால் செப்புக் குழாயே முறுகும், அதற்குப் பிறகு என் மாதிரி ஆளைத்தான் கூப்பிட வேண்டிவரும். தண்டின் நுனியில் ஒரு பித்தளை ஸ்க்ரூவும் வாஷரும் இருக்கும். தண்டோடு கடைக்குக் கொண்டுபோய் அளவு பொருத்தி வாங்குங்கள்.

வாஷர் உட்காரும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள். குழி விழுந்திருந்தால் வாஷர் போட்டும் பயனில்லை, வால்வையே மாற்ற வேண்டும்.

மார்க்கம் அக்கா

மேப்பிள் மரம் இருந்தால் கூரைத் தண்ணீர்ப் பீலியை இப்போதே சுத்தம் செய்து களைக்காதீர்கள். நாங்கள் செய்து இரண்டு வாரத்தில் திரும்ப நிறைந்துவிட்டது. கடைசி இலை விழட்டும்.

புதுவீட்டுக்காரன் (வியாழன் இரவு)

முடிந்தது! மெயின் வால்வு கிரீச்சென்று கத்தியது, ஆனால் திரும்பியது. பழைய வாஷர் மாரி பிஸ்கட் மாதிரி மூன்று துண்டாக வந்தது. குழி ஒன்றும் இல்லை. புதிதைப் போட்டு மெயினைத் திறந்து, ஒரு மணி நேரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. மாமியும் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து பக்கத்தில் இருந்து பார்த்தா.

கடைசியாக ஒரு கேள்வி: இனிக் குளிர் முழுக்க வெளிப் பைப்பைத் திறந்து வைப்பதா, மூடுவதா?

பழைய ஸ்பானர்

திறந்தே இருக்கட்டும், மிச்சம் மீதி வடியும். வால்வின் சின்ன மூடியை மட்டும் திரும்பப் பூட்டுங்கள். அதற்குள் ஒரு குட்டி ரப்பர் இருக்கும், விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புதுவீட்டுக்காரன்

அரை மணி நேரம் தேடினோம் அண்ணை. மூடி தயிர் வாளிக்குள் கிடந்தது, ரப்பரும் சேர்ந்து.