'உடன்பெயர்ச்சி': ஒரு கலைச்சொல் முன்மொழிவு

அன்புடையீர்,

ஒரு பண்பைக் குறிவைத்துத் தலைமுறைதோறும் விலங்குகளைத் தேர்ந்து இணைசேர்க்கும்போது, நாம் தேர்ந்தெடுக்காத வேறொரு பண்பும் சேர்ந்தே நகர்ந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் 'correlated response' எனப்படும் இதற்குத் தமிழில் முன்வைக்கப்பட்ட 'பக்க விளைவு', 'ஒட்டுறவுத் துலங்கல்' ஆகிய இரண்டையும் என்னால் ஏற்க இயலவில்லை.

'பக்க விளைவு' மருந்தோடு ஒட்டிப்போன சொல். தீங்கு என்னும் பொருள் அதில் ஏற்கெனவே ஏறிவிட்டது. சுண்டெலிகளில் நடப்பதோ அவ்வளவு ஒருமுகமானதன்று. டொராண்டோவில் மரபியலாளர் மெக்கார்தர், 60ஆம் நாள் எடையைக் கொண்டு பெரிய எலிகளையும் சிறிய எலிகளையும் தனித்தனிக் கால்வழிகளாக (தலைமுறைத் தொடர்களாக) வளர்த்தபோது, பெரிய கால்வழியில் ஓர் ஈற்றுக்குப் பிறந்த குட்டிகள் மிகுதியாயிருந்தன. உடல் பருமனோடு சேர்ந்து மாறியவற்றை 1944இல் அவர் துணைக்கோளுக்கு ஒப்பிட்டே 'satellite characters' எனப் பெயரிட்டார். அழகான உவமை, ஆனால் அது பண்பைச் சுட்டுகிறதே தவிர மாற்றத்தைச் சுட்டவில்லை.

இனப்பெருக்கத் திறன் என்பதும் ஒற்றைப் பண்பன்று. சூலகத்தை நுண்ணோக்கியின் கீழ் வைத்துக் கார்பஸ் லூட்டியங்களை (அண்டம் வெளியேறிய இடத்தில் உருவாகும் திரள்களை) எண்ணினால் எத்தனை அண்டங்கள் விடுபட்டன என்பது தெரியும். கருப்பையில் பதிந்த கருக்களை எண்ணினால் அவற்றுள் எத்தனை தங்கின என்பது தெரியும். விரைந்து வளரும் கால்வழிகளில் முதல் எண்ணிக்கை பொதுவாக உயர்கிறது. ஆயினும் அவற்றுள் பலவற்றில் கொழுப்பு மிகுந்து, ஈனாமலே போகும் இணைகளின் பங்கும் கூடுகிறது. ஒரே தேர்வு ஒன்றை ஏற்றி, மற்றொன்றை இறக்குகிறது. ஆகவே நமக்கு வேண்டியது திசை சாராத சொல்.

'துலங்கல்' தூண்டலுக்கு ஓர் உயிரி காட்டும் மறுமொழி. இங்கே எந்தத் தனி எலியும் எதற்கும் துலங்குவதில்லை. கால்வழியின் சராசரிதான் இடம்பெயர்கிறது. 'உடன்மாற்றம்' எனலாமா என்றும் எண்ணிப் பார்த்தேன். புள்ளியியலின் 'உடன்மாறுபாடு' (covariance) அருகிலேயே நிற்பதால் மாணவர் குழம்புவர்.

எனவே 'உடன்பெயர்ச்சி' என்பதை முன்மொழிகிறேன். தேர்ந்தெடுத்த பண்பில் நிகழ்வதை 'நேர்ப்பெயர்ச்சி' எனலாம், இரண்டும் இணையாக அமைகின்றன, வினையாகவும் வளைகின்றன: "எடை நேர்ப்பெயர்ந்தது, அண்ட எண்ணிக்கை மேல்நோக்கி உடன்பெயர்ந்தது." இதற்கு அடிப்படையான, இரு பண்புகள் மரபணு வழியாகப் பிணைந்திருப்பதைக் குறிக்கும் 'மரபுவழி ஒட்டுறவு' என்னும் சொல்லை அப்படியே வைத்துக்கொள்ளலாம், அது காரணம், இது விளைவு.

'பெயர்ச்சி' என்றதும் கோள் பெயர்ச்சி நினைவுக்கு வருமே என்பார்க்கு, இயற்பியலில் 'இடப்பெயர்ச்சி' நெடுங்காலமாகப் பள்ளி நூல்களில் நிலைபெற்றிருப்பதைச் சுட்டுவேன். கால்நடை மருத்துவம் பயின்றோர் இச்சொற்களைத் தம் பாடத்தின் வாக்கியங்களில் இட்டுப் பார்த்து, எங்கே இடறுகிறது என்று எழுதுமாறு வேண்டுகிறேன்.