‘வாம்!’ சரியென்றால் டைமன்ஸ் மட்டும் திருடரா?

கரிக்கோடு:
அமெரிக்க ஓவியர் ராய் லிக்டன்ஸ்டைனின் ‘வாம்!’ ஓவியம் (1963), டிசி போர் காமிக்ஸ் ஒன்றில் இர்வ் நோவிக் வரைந்த கட்டத்திலிருந்து பிறந்தது. லண்டனின் டேட் அருங்காட்சியகம் அதை 1966இல் வாங்கியது. பெல்ஜிய ஓவியர் லுக் டைமன்ஸ், புகைப்படக்காரர் காட்ரைன் வான் கீல் எடுத்த அரசியல்வாதியின் முகத்தை 2011இல் வரைந்ததற்கு மட்டும் 2015இல் ஆண்ட்வெர்ப் நீதிமன்றம் திருட்டு என்றது. ஆளுக்கொரு நியாயமா?

சட்டகம்:
செய்முறையைப் பாருங்கள். லிக்டன்ஸ்டைன் முதலில் பென்சிலில் சிறு வரைவு போடுவார். புரொஜெக்டர் வழியே கேன்வாஸில் விழுவது அந்த வரைவுதான், காமிக்ஸ் பக்கம் அல்ல. விமானியின் பேச்சுக் குமிழ் போனது. சிவப்பு எழுத்து மஞ்சளானது. சுடும் விமானமும் வெடிக்கும் விமானமும் இரண்டு கேன்வாஸாகப் பிரிந்தன. நோவிக் பெயரைச் சொல்லாதது தவறுதான், மறுக்கவில்லை. ஆனால் டைமன்ஸ் என்ன மாற்றினார்? வியர்த்த முகம், அதை நெருக்கி வெட்டிய விதம், கோணம் எல்லாம் புகைப்படத்தில் இருந்தவை. எந்த நொடியில் அழுத்துவது, எங்கே வெட்டுவது என்பதுதான் புகைப்படக்காரரின் உழைப்பே.

கரிக்கோடு:
பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கு விலக்கு உண்டே! 2014இல் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் இன்னொரு பெல்ஜிய வழக்கில், பகடி மூலப் படைப்பையே கேலி செய்ய வேண்டியதில்லை என்று தெளிவாக்கிவிட்டது. டைமன்ஸ் கேலி செய்தது அந்த அரசியலை.

சட்டகம்:
அதே தீர்ப்பை முழுதாகப் படியுங்கள். மூலத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் வேறுபாடும், நகைச்சுவையோ கேலியோ வேண்டும் என்கிறது. படத்தை மறுபடி உருவாக்கினால் 5,00,000 யூரோ அபராதம் என்று ஆண்ட்வெர்ப் நீதிமன்றம் எச்சரித்தது. பிறகு இரு தரப்பும் சமரசமானார்கள்.

வெண்பலகை:
சந்தேகம் வந்தால் சோதிப்பது எளிது. இரண்டு படங்களையும் மென்பொருளில் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, மேலுள்ளதை 50% மங்கலாக்குங்கள். இரு கண்மணிகளைப் பொருத்திய பிறகு தாடை, தோள், துணி மடிப்பு தானாகப் பொருந்தினால் படியெடுத்தது. பொருந்தவில்லையென்றால் இடவலம் திருப்பிப் பாருங்கள். லக்சம்பர்க் வழக்கு ஒன்றில் புகைப்படக்காரர் ஜிங்னா ஜாங்கின் படம் ஓவியத்தில் அப்படித்தான் திருப்பப்பட்டிருந்தது. 2022இல் தோற்ற ஜாங், 2024 மேல்முறையீட்டில் வென்றார். கேமரா இருந்த தூரமும் காட்டிக்கொடுக்கும்: கிட்டத்தில் வைத்து எடுத்த படத்தில் மூக்கு பெருத்து, காது சிறுத்துத் தெரியும். நேரில் பார்த்து வரைபவர் பெரும்பாலும் இதைச் செய்வதில்லை. நிறம் மாற்றினால் இவை மறையாது. 30% மாற்றினால் போதும் என்பது வெறும் வதந்தி. சட்டத்தில் அப்படி ஒரு அளவு இல்லை.

கரிக்கோடு:
படியெடுத்ததை நிரூபிக்கலாம், சரி. ‘வாம்!’ ஓவியத்துக்கும் மூலம் எதுவென்று ஊருக்கே தெரியும். படியெடுத்த பின் ஓவியர் சேர்த்தது என்ன என்பதற்கு உங்கள் மென்பொருள் பதில் சொல்லாது.