குடும்பக் குழு: பெரியம்மா கால் விஷயம்

திங்கள், இரவு

குடியாத்தம் பெரியப்பா: எல்லோருக்கும் வணக்கம். உங்கள் பெரியம்மாவின் வலது காலில், பெருவிரலுக்கு அடியில் புண். வலியே இல்லை என்கிறாள். கூடத்துத் தரையில் ஈரமாகக் கால் தடம் இருந்ததைப் பார்த்துத்தான் எனக்கே தெரிந்தது.

ஓசூர் அண்ணன்: அப்பா, நாளைக்கு லீவு போட்டுவிட்டு வருகிறேன். அம்மாவை நேராக வேலூர் சி.எம்.சி. மெயின் ஆஸ்பத்திரிக்கே கூட்டிப் போய்விடலாம். டோக்கன் கிடைக்குமா என்று இப்போதே பார்க்கிறேன்.

கே.வி.குப்பம் சித்தி: ஐயோ, அக்கா போன வாரம் போனில் பேசியபோதுகூட ஒன்றும் சொல்லவில்லையே.

பாகாயம் அக்கா: தம்பி, கொஞ்சம் பொறு. பெரியப்பா, முதலில் இதைச் சொல்லுங்கள். காய்ச்சல் இருக்கிறதா? பாதம் வீங்கியிருக்கிறதா? புண்ணைச் சுற்றிய சிவப்பு மேலே ஏறுகிறதா? நாற்றம் அடிக்கிறதா, எங்கேயாவது கறுத்திருக்கிறதா? நல்ல வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள்.

குடியாத்தம் பெரியப்பா: காய்ச்சல் இல்லை. வீக்கம் இல்லை. நாற்றமும் இல்லை. படம் அனுப்பிவிட்டேன் அம்மா.

பாகாயம் அக்கா: பார்த்தேன். நான் கேட்டதில் ஒன்று இருந்திருந்தாலும் இன்று ராத்திரியே ஆம்புலன்ஸ் வைத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லியிருப்பேன். இது அந்தக் கட்டம் இல்லை. ஆனால் நாளைக் காலையே ஒரு டாக்டர் பார்த்தாக வேண்டும், தள்ளிப்போடக் கூடாது. சித்தி ஊருக்குப் போங்கள். அங்கே ரூசா ஆஸ்பத்திரியில் பார்க்கலாம்.

ஓசூர் அண்ணன்: அக்கா, ரூசா கிராமத்து ஆஸ்பத்திரி ஆயிற்றே. சர்க்கரைக்காரர் கால் விஷயத்தில் ரிஸ்க் எடுக்கலாமா? எவ்வளவு செலவானாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்.

பாகாயம் அக்கா: உன் பயம் எனக்குப் புரிகிறது தம்பி. ஆனால் ரூசாவும் சி.எம்.சி.தான். 1977-லேயே கே.வி.குப்பம் ஒன்றியத்துக்காக ஆரம்பித்தது. அங்கே முடியாததை அவர்களே மெயினுக்கு எழுதி அனுப்புவார்கள். மெயினுக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் ரயிலேறி வருகிறார்கள். காந்தி ரோடு லாட்ஜ்களில் வங்காளி எழுத்தில் போர்டு தொங்குவதை நீயே பார்த்திருப்பாய். அவர்களுக்கு வேறு போக்கிடம் இல்லை. நமக்கு அரை மணி பஸ் தூரத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பெரியம்மாவுக்கு இப்போது வேண்டியது புண்ணைச் சுத்தம் செய்து கட்டுப் போடுவது, சர்க்கரை அளவைச் சரி பண்ணுவது, அந்த இடத்தில் எடை விழாமல் பார்ப்பது. இதற்காக அந்தக் காலோடு மெயினில் ஒவ்வொரு கவுன்டராக நடக்க வேண்டுமா?

கே.வி.குப்பம் சித்தி: அவள் சொல்வது சரி. என் மாமியார் கடைசி வரைக்கும் அங்கேதான் பார்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் வயதானவர்களுக்காக அவர்கள் நடத்தும் மையங்களும் உண்டு. பகலில் வந்து உட்கார்ந்து பேசிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். தனியாக இருக்கிற கிழவிகளுக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடு பெரிய ஆதரவு.

குடியாத்தம் பெரியப்பா: என் அம்மா சொல்வார்கள். சி.எம்.சி.யை ஆரம்பித்த ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரிலிருந்து வண்டியில் கிளம்பி நம் குடியாத்தம் வரைக்கும் வருவாராம். வழியெல்லாம் மரத்தடியில் நிறுத்தி மருந்து கொடுப்பாராம். ஜனங்கள் ரோட்டு ஓரத்திலேயே காத்திருப்பார்களாம்.

பாகாயம் அக்கா: ஆமாம் பெரியப்பா. 1900-ல் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்தார். 1902-ல் 40 படுக்கை ஆஸ்பத்திரி. 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. இதற்கு நடுவிலும் ரோட்டோர வைத்தியத்தை விடவில்லை. எனக்குத் தெரிந்து அந்த ஆஸ்பத்திரியின் உயிரே அதுதான். எங்கள் காலத்திலும் முதல் வருட மெடிக்கல் பிள்ளைகளைக் கிராமத்தில் கொண்டுபோய்த் தங்க வைப்பார்கள். வீடு வீடாகப் போய், தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் என்ன சாப்பிடுகிறார்கள், குழந்தைக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டு எழுத வேண்டும். ஸ்டெதாஸ்கோப் பிடிக்கக் கற்பதற்கு முன்னால் அது.

நான்: அக்கா, நீங்களும் கணியம்பாடிப் பக்கம் அப்படித்தானே போவீர்கள்?

பாகாயம் அக்கா: நர்சிங் காலேஜிலிருந்து போவோம். அந்த ஒன்றியத்தை சாட் பார்த்துக்கொள்கிறது, பாகாயத்தில் இருக்கும் சி.எம்.சி.யின் சமுதாய நல ஆஸ்பத்திரி. கிராமத்திலேயே ஒரு பெண் சுகாதாரப் பணியாளராக இருப்பார், அதே ஊர்க்காரர். எந்த வீட்டில் யாருக்கு எத்தனையாவது மாதம், யார் மாத்திரையை நிறுத்திவிட்டார் என்று அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லித்தான் நர்ஸ் போவார், அப்புறம் டாக்டர் வேனில் வருவார். பிறப்பு, இறப்பு எல்லாம் வீடுவாரியாகப் பதிவாகும். என்னைக் கேட்டால் அந்த ஊர்ப் பெண்மணிதான் ஆஸ்பத்திரியின் முதல் வாசல். 2022-ல் ராணிப்பேட்டையில் பெரிய வளாகம் திறந்தார்கள், ஹைவேயில் விபத்தில் அடிபட்டவர்களுக்கு அது பெரிய வரம். கட்டிடம் கண்டிப்பாக வேண்டும். ஆனால் பெரியம்மா மாதிரி வலி தெரியாதவரை எந்தக் கட்டிடமும் தேடி வராது. கதவைத் தட்டி "காலைக் காட்டுங்கம்மா" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும்.

சென்னை மாமா: அரசும் இப்போது அதைத்தான் செய்கிறது. 2021 ஆகஸ்ட்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம். சர்க்கரை, பி.பி. மாத்திரை வீட்டுக்கே வரும். அக்கா பெயர் அதில் பதிவாகியிருக்கிறதா மாமா?

குடியாத்தம் பெரியப்பா: ஒரு பெண் வந்து கேட்டுவிட்டுப் போனது. இவள்தான் கடையில் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள்.

சென்னை மாமா: பதிவு செய்துவிடுங்கள் மாமா. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வையுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. அறுவை சிகிச்சை வரைக்கும் போக வேண்டாம் என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். ஒருவேளை தேவைப்பட்டால் அடுக்கம்பாறை அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியும் இருக்கிறது.

பாகாயம் அக்கா: மாமா சொன்னதைச் செய்யுங்கள். பழைய சீட்டு, சாப்பிடுகிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள். பெரியம்மாவைச் சாப்பிடாமல் கூட்டிப் போகாதீர்கள், மாத்திரை போட்டிருந்தால் சர்க்கரை இறங்கிவிடும். புண்ணில் மஞ்சள், காபித்தூள் எதுவும் வேண்டாம். வெந்நீரில் கால் வைக்கவே கூடாது. சூடு தெரியாது, வெந்துபோகும். சித்தி, பஸ் ஸ்டாப்பில் ஆட்டோவோடு நில்லுங்கள், நடக்க விடாதீர்கள்.

கே.வி.குப்பம் சித்தி: எட்டு மணிக்கே நிற்பேன்.

செவ்வாய், மதியம்

கே.வி.குப்பம் சித்தி: பார்த்தாயிற்று. நல்ல வேளை, புண் எலும்பு வரைக்கும் போகவில்லை என்றார் டாக்டர். சுற்றியிருந்த காய்ப்பைச் சீவிச் சுத்தம் செய்து கட்டுப் போட்டார்கள். சர்க்கரை ரொம்ப ஏறியிருக்கிறது, மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் ஒன்று பார்த்தேன், அதைச் சொல்ல வேண்டும். நர்ஸ் அக்காவைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, நைலான் நரம்பு மாதிரி ஒன்றைப் பாதத்தில் வளைகிற அளவுக்கு அழுத்தினார். பட்டால் சொல்லுங்கள் என்றார். அக்கா கண்ணை மூடி, எப்போது தொடப் போகிறார் என்று காத்துக்கொண்டே இருந்தார். அதற்குள் அவர் நாலு இடத்தில் தொட்டு முடித்துவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

பாகாயம் அக்கா: அதுதான் மோனோஃபிலமென்ட் சோதனை. உணர்ச்சி போயிருக்கிறது. செருப்பைப் பார்த்தீர்களா?

கே.வி.குப்பம் சித்தி: நர்ஸே கையை விட்டுப் பார்த்தார். அடியில் ஓர் ஆணி முனை மேலே வந்திருக்கிறது. புண் இருக்கிற அதே இடம்.

ஓசூர் அண்ணன்: அந்தச் செருப்பை அம்மா ஆறு மாதமாகப் போட்டிருக்கிறார்.

பாகாயம் அக்கா: இனி அதைத் தொடவே கூடாது. தம்பி, டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் கண்டுபிடித்துச் சொன்னது இதுதான். 1946-ல் வந்தார். தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களுக்கு 1948-ல் தசைநாண் அறுவை செய்தார். விரல்கள் கிருமியால் அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால்தான் அடிபட்டு அடிபட்டுத் தேய்கின்றன என்று எடுத்துக் காட்டினார். கரிகிரி தொழுநோய் ஆஸ்பத்திரியில் மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பரில் செருப்பு செய்தது அதனால்தான். இன்று சர்க்கரைக் காலுக்கும் அதே செருப்புதான். புண் ஆறியதும் பெரியம்மாவை நானே கரிகிரிக்குக் கூட்டிப் போய் அளவு கொடுக்கிறேன்.

ஓசூர் அண்ணன்: சரி அக்கா. கட்டு மாற்றுவது எப்போது?

கே.வி.குப்பம் சித்தி: வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். புண் ஆறும் வரைக்கும் அக்கா என் வீட்டிலேயே இருக்கட்டும். மாமா, நீங்களும் வந்துவிடுங்கள். குடியாத்தத்துக்கும் இங்கேயும் அலைய வேண்டாம்.

குடியாத்தம் பெரியப்பா: வருகிறேன் அம்மா. நம் தெருவில் இன்னும் சில பேர் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வீட்டுக்குள்ளும் வெளியிலும் வெறுங்காலோடுதான் நடக்கிறார். அவர்களுக்கு யார் இதையெல்லாம் சொல்வது?

பாகாயம் அக்கா: ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உங்கள் தெருவுக்கு வருகிறேன், நீங்களும் வந்து திண்ணையைத் திறந்து வையுங்கள். மக்களைத் தேடி மருத்துவம் பார்க்கிற அந்தப் பெண்ணையும் கூப்பிடுங்கள், பெரியம்மா பெயரையும் சேர்த்துவிடலாம். எல்லோரும் தினமும் போடுகிற செருப்போடு வரட்டும்.