அச்சகக் கணினியில் மறுபடியும் விண்டோஸ் 7

திருவல்லிக்கேணியில் என் சித்தப்பா கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் கடை வைத்திருக்கிறார். 2021 தை மாதம், முகூர்த்த வேலைகள் குவிந்து கிடந்த வாரத்தில், கடைக் கணினியின் ஹார்ட் டிஸ்க் நின்றுவிட்டது. கோப்புகளுக்கு நகல் இருந்தது. ஆனாலும் "புதிய கணினி வாங்கிவிடலாமே" என்று நான் சொன்னதும் அவர் முகம் வாடியது. அத்தனை ஆண்டுப் பத்திரிகைகளும் பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளில், இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு முந்தைய எழுத்துருக்களில் இருக்கின்றன. 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் உருவான டாம் குறியீட்டு எழுத்துருக்கள் சில. அதற்கும் முன்னால் வந்தவை பல. அவருடைய தட்டச்சு மென்பொருள் 32 பிட் விண்டோஸ் 7-ஐத் தாண்டி ஓடாது. "இதிலேயே ஓட வைத்துக் கொடு, அது போதும்" என்றார்.

ரிச்சி தெருவில் ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக ஓர் எஸ்எஸ்டி வாங்கி, விண்டோஸ் 7-இன் சர்வீஸ் பேக் 1 (முதல் திருத்தத் தொகுப்பு சேர்ந்த) டிவிடியைப் போட்டேன். நிறுவுவதில் தொல்லையே இல்லை. அப்டேட் தேடச் சொன்னபோதுதான் பிழைச் செய்தி வந்தது. கேபிளை மாற்றினேன், ரவுட்டரை அணைத்துப் போட்டேன், பயாஸில் தேதியைச் சரிபார்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இரவு பதினொரு மணிக்குத்தான் காரணம் புரிந்தது. ஒவ்வொரு அப்டேட்டும், அது மைக்ரோசாஃப்டிடமிருந்து வந்ததுதான் என்று காட்டும் ஒரு டிஜிட்டல் கையொப்பத்தோடு வருகிறது. 2019-இல் ஷா-1 என்ற பழைய கையொப்ப முறையைக் கைவிட்டு, ஷா-2 என்ற புதிய முறை மட்டும் என்று ஆக்கிவிட்டார்கள். பழைய டிவிடியிலிருந்து ஏறிய விண்டோஸுக்கு அந்தப் புதிய கையொப்பத்தைச் சோதிக்கத் தெரியாது.

ஆகவே தேவையானவற்றை என் மடிக்கணினியில் மைக்ரோசாஃப்டின் அப்டேட் கேட்டலாக் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோனேன். ஒவ்வொரு அப்டேட்டுக்கும் 'கேபி' என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. முதலில் கேபி 3020369. அதன் மேல் கேபி 3125574. சர்வீஸ் பேக்குக்குப் பிறகு 2016 ஏப்ரல் வரை வந்த திருத்தங்களில் பெரும்பாலானவை இந்த ஒரே தொகுப்பில் அடங்கும். முன்னது இல்லாமல் பின்னது ஏறாது. பிறகு கேபி 4490628, கேபி 4474419. ஷா-2-ஐக் கற்றுக்கொடுப்பவை இவை இரண்டும்தான். 32 பிட் கணினிக்கு எக்ஸ்86 என்று குறித்திருப்பதையே எடுக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் பிறகு பொறுமையாக ரீஸ்டார்ட் செய்தேன். அதன் பின் அப்டேட் தானாகவே தேடி, 2020 ஜனவரித் தொகுப்பு வரை ஏற்றிக்கொண்டது.

அந்த ஜனவரி 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 7-க்கான பொதுவான ஆதரவும் பாதுகாப்புத் திருத்தங்களும் முடிந்துவிட்டன. அதனால் வேலை முடிந்ததும் இணையக் கேபிளைக் கழற்றிவிட்டேன். பத்திரிகை பிடிஎஃப் ஆகி, பென் டிரைவில் வேறு கணினிக்குப் போய், அங்கிருந்துதான் வாடிக்கையாளருக்குச் செல்கிறது. சித்தப்பாவுக்கு இது கூடுதல் நடை; ஆனால் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

*

(மேலே உள்ளதைப் படித்த ஒரு வாசகரின் பதில்) வடபழனியிலிருந்து நானும் ஒன்று சொல்கிறேன். 2016-இல் விண்டோஸ் 7-ஐப் புதிதாக நிறுவி அப்டேட் தேடியபோது எனக்குப் பிழைச் செய்திகூட வரவில்லை. பச்சைப் பட்டை இரவு முழுக்க ஓடியது, பிராசஸர் கொதித்தது, காலையிலும் அது தேடிக்கொண்டேதான் இருந்தது. இணையத்தைத் துண்டித்துவிட்டு, நீங்கள் சொன்ன 3020369-க்குப் பிறகு கேபி 3172605-ஐ ஏற்றினேன். அப்புறம் சில நிமிடங்களில் அப்டேட் பட்டியல் வந்தது.

இன்னொன்று: விண்டோஸ் 7 டிவிடியில் யூஎஸ்பி 3.0 டிரைவர் கிடையாது. நிறுவும் திரையில் கீபோர்டும் மவுஸும் அசையாவிட்டால் பதறாதீர்கள். பெரும்பாலும் யூஎஸ்பி 3.0 ஆக இருக்கும் நீல நிறத் துளையிலிருந்து எடுத்து, பழைய வகையான கறுப்புத் துளையில் செருகிப் பாருங்கள். அந்த வித்தியாசம் தெரியாமல் நான் நல்ல கீபோர்டு ஒன்றைக் கெட்டுப்போனதென்று நினைத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். அவன் இன்றும் அதில்தான் தட்டச்சுப் பழகுகிறான்.