தென்னாப்பிரிக்காவில் கிளப்போடு பறவை பார்க்கப் போனதில் இன்னும் மனதை விட்டுப் போகாதது எது? (எழுதியவரின் புனைபெயர் ஒவ்வொரு பதிலின் மேலும் இருக்கிறது.)

வெல்ட் நடை

வாக்கர்ஸ்ட்ரூம் போனவர்களுக்கு அந்த மேட்டுப் புல்வெளியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ரட் வானம்பாடியைப் பார்க்கத்தான் எங்கள் கிளப் போயிருந்தது. ஆடுமாடு மேய்ந்து கட்டையான புல், மரமே கிடையாது, காற்றுதான். வழிகாட்ட வந்தவர் உள்ளூர் இளைஞர், பேர்ட்லைஃப் சவுத் ஆப்பிரிக்காவிடம் பயிற்சி எடுத்தவர். "தரையில்தான் கூடு கட்டும். இது முட்டை வைக்கிற காலம். ஆளுக்கொரு பக்கம் போகாமல் என் பின்னாலேயே வரிசையாக வாருங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

பாட்டு கேட்டுக்கொண்டே இருந்தது, பறவையைக் காணோம். அவர் காதுக்குப் பின்னால் கையைக் குவித்துக் கேட்டு, ஒரு மேகத்தின் விளிம்பைக் காட்டினார். அங்கே ஒரு புள்ளி. ஒரு சின்னத் துணுக்கைப் பாடி, கொஞ்சம் விட்டு, மறுபடியும் அதையே பாடியது. இவ்வளவு நேரம் ஒரு பறவை அந்தரத்தில் நின்று பாடும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அப்போது எங்களில் ஒருவர் பையின் மேல் சின்ன ஸ்பீக்கரை வைத்து, செல்போனிலிருந்து அதே பாட்டைப் போட்டார். மேலே பாட்டு நின்றது. பறவை விறுவிறுவென்று இறங்கி எங்கள் முன்னால் புல்லில் ஓட ஆரம்பித்தது. பெரிய தலை, ஒல்லிக் கால், கொண்டை முழுசாக நிமிர்ந்திருந்தது. அந்தப் பையைச் சுற்றிச் சுற்றி வந்து, இல்லாத எதிரியைத் தேடியது. எல்லோரும் படம் எடுத்தார்கள். வழிகாட்டி "போதும், நிறுத்துங்கள்" என்று ஒரு தடவை சொன்னார். யாரும் நிறுத்தவில்லை. அவர் திரும்பி நின்று நோட்டில் எழுத ஆரம்பித்துவிட்டார்.

காசு கொடுத்துக் கூட்டிவந்தவர்களிடம் இரண்டாவது தடவை எப்படிச் சொல்வார்? அவர் திரும்பி நின்றதுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. கிளப் குழுவில் அந்தப் படத்துக்கு வந்த பாராட்டையெல்லாம் பார்க்கப் பார்க்கக் கோபமாக வந்தது.

கரும்புத் தோட்டம்

எனக்கு டர்பன் பக்கத்து மவுன்ட் மோர்லண்டில் அடைகிற தகைவிலான் குருவிகள்தான். டர்பனில் வேலைக்கு வந்த புதிதில் வெருலம்காரத் தோழி ஒருத்தி கூட்டிப்போனாள். அவள் வீட்டார் 1860-க்குப் பிறகு கரும்பு வெட்டக் கப்பலில் வந்த தமிழர் வழி. அவளுடைய பாட்டியும் மடக்கு நாற்காலியோடு வந்திருந்தார். மேட்டில் உட்கார்ந்தால் கீழே நாணல் காடு.

சூரியன் இறங்கும்வரை ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு பக்கம் கறுப்பாகத் தூசி மாதிரி தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் வானத்தில் பறவை இல்லாத இடமே இல்லை. ஐரோப்பாவிலிருந்து நம் கோடைக்கு வந்து தங்குகிறவை. நல்ல வருடங்களில் அங்கே 30 லட்சம் வரை அடைந்திருக்கின்றன என்பார்கள். இருட்டுகிற நேரம் அத்தனையும் புனலில் எண்ணெய் இறங்குகிற மாதிரி நாணலுக்குள் இறங்கின. பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காத அளவுக்கு இரைச்சல்.

அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் விளக்கைப் போட்டுக்கொண்டு தரையிறங்க வந்தது. 2010-ல் திறந்த கிங் ஷாகா விமான நிலையம் அவ்வளவு பக்கம். பாட்டி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விமானம் கடந்து போகும்வரை விடவில்லை. எத்தனையோ வருடமாகப் பார்க்கிறவர், ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றாள் தோழி. பறவைக் கூட்டம் எங்கே இருக்கிறது என்று பார்க்க அங்கே ரேடார் வைத்திருக்கிறார்கள், அதை வைத்து விமானங்களைக் காக்க வைப்பார்கள் என்றும் சொன்னாள். சரிதான். ஆனாலும் அந்தப் பிடி எனக்கு மறக்கவில்லை. அப்புறம் வந்த வருடங்களில் அங்கே கூட்டம் மிகவும் குறைந்துபோனது. பாட்டியும் இப்போது இல்லை.

எஷோவே காடு

வெல்ட் நடை நண்பருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் சொன்ன ஆள் செய்தது தப்பு, அதில் சந்தேகமில்லை. கூட்டுக் காலத்தில், வழிகாட்டி வேண்டாம் என்ற பிறகும் போட்டது பெரிய தப்பு. ஆனால் குரலை ஒலிக்கவிடுவதே பாவம் என்கிற மாதிரி இங்கே பேச்சு போனால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

டிலின்சா காட்டில் என் அனுபவம் இது. மழை பெய்து ஓய்ந்த சாயங்காலம், இலைச் சருகுக்குள்ளிருந்து ஊ என்று ஒரு நீண்ட ஒலி. பொட்டு ஃப்ளஃப்டெயில், தரையில் ஒளிந்து திரிகிற சின்னப் பறவை. நாங்கள் சின்னதாக ஒரு முறை குரலைப் போட்டோம். வேர்களுக்கு நடுவில் செம்பழுப்புத் தலை ஒன்று எட்டிப் பார்த்தது, திரும்பிப் போய்விட்டது. அவ்வளவுதான், நாங்களும் கிளம்பிவிட்டோம். போடாமல் இருந்திருந்தால் எங்களில் பாதிப் பேர் புதருக்குள் புகுந்து தேடியிருப்பார்கள். எது பறவைக்கு அதிகத் தொந்தரவு?

ஈரநிலத்தில் பத்துப் பேர் பூட்ஸ் காலோடு நடப்பதை யாரும் குறை சொல்வதில்லை. கூட்டுக்குப் பக்கத்தில் அரை மணி நேரம் லென்ஸை நீட்டிக்கொண்டு உட்கார்வதைக் குறை சொல்வதில்லை. வண்டியைப் புல்லுக்குள் ஏற்றி நிறுத்துவதையும் குறை சொல்வதில்லை. கணக்கெடுப்புக்குப் போகிறவர்கள் குரலைப் போட்டுப் பதில் வருகிறதா என்று கேட்டுத்தான் பல பறவைகள் ஓரிடத்தில் இருப்பதையே உறுதி செய்கிறார்கள். எனவே தடை வேண்டாம், அளவு வேண்டும். ஒரு தடவை, குறைந்த சத்தம், பதில் வந்ததும் நிறுத்து, அரிய பறவையிடமும் கூடு இருக்கிற இடத்திலும் தொடவே தொடாதே. இதை எழுதி ஒவ்வொரு கிளப்பும் சுவரில் ஒட்டட்டும்.

டல்ஸ்ட்ரூம் மூடுபனி

எஷோவே அண்ணா, ஃப்ளஃப்டெயில் பற்றி நீங்களே பேசுவதால் சொல்கிறேன். வெள்ளைச் சிறகு ஃப்ளஃப்டெயில் தென்னாப்பிரிக்காவில் குஞ்சு பொரிக்கிறது என்று 2018-ல் எப்படித் தெரிந்தது? எங்கள் ஊருக்குப் பக்கத்து மிடல்பன்ட் சதுப்பில் ஆள் இல்லாத கேமராக்களை வைத்துத்தான். அதுவரை எத்தியோப்பியாவில் மட்டுமே பொரிக்கும் என்று நினைத்திருந்தார்கள். அதன் உண்மையான குரல் எது என்பதும் அந்த வேலையில்தான் தெளிவானது. அதுவரை எந்தக் குரலைப் போட்டு யாரை அழைத்துக்கொண்டிருந்தோம் என்று யோசியுங்கள். பொறுமையாகக் காத்திருக்க வழி இருக்கும்போது அளவு, சுவர் என்று பேசுவது எனக்கு ஒப்பவில்லை.

என் கதையை அப்புறம் எழுதுகிறேன்.

நியூகாசில் அம்மா

சண்டை போடாதீர்கள் பிள்ளைகளா. என் கதையைக் கேளுங்கள்.

2019 மார்ச். அமூர் வல்லூறுகள் திரும்பிப் போகத் தயாராகிற நேரம். பகலெல்லாம் வெளியே ஈசலும் வெட்டுக்கிளியும் தின்றுவிட்டு, சாயங்காலம் ஊருக்குள் இருக்கிற உயரமான மரங்களில் ஆயிரக்கணக்கில் வந்து அடையும். அன்றைக்கு அவை அடைந்த பிறகு ஆலங்கட்டி மழை பிடித்தது. வெளியே நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் போயிற்று. மழை விட்டதும் கிளப்பிலிருந்து போன் வந்தது, அட்டைப்பெட்டியும் பழைய துண்டும் எடுத்துக்கொண்டு வாருங்கள் என்று.

மரத்தடி முழுக்க இலை, ஐஸ், பறவை. எது உயிரோடு இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டியிருந்தது. நான் தூக்கிய ஒரு பெண் பறவைக்கு இறக்கை தொங்கியது. புறாவைவிட லேசு. ஆரஞ்சு நிறக் காலால் என் விரலைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தது. கத்தவில்லை, கொத்தவில்லை. நூற்றுக்கணக்கில் செத்துப்போயின. அதே மாதம் மூயி ரிவர் ஊரிலும் இப்படியே நடந்தது.

இந்தப் பறவை சீனா, மங்கோலியா பக்கமிருந்து கிளம்பி நாகாலாந்து வழியாக இந்தியாவைக் கடந்து, அரபிக்கடலைத் தாண்டி இங்கே வருகிறது. 2012-ல் டோயாங் நீர்த்தேக்கத்துப் பக்கம் வலை போட்டு ஆயிரமாயிரமாகப் பிடித்தார்களே, அதே பறவை. அடுத்த வருடமே அந்த ஊர்க்காரர்கள் வேட்டையை நிறுத்தினார்கள். அங்கே வலைக்குத் தப்பி, கடலைத் தாண்டி வந்து, எங்கள் ஊரில் பனிக்கட்டி அடித்துச் சாக வேண்டுமா? எனக்கு இன்றுவரை மனசு ஆறவில்லை. நான் எடுத்துப் போன பெட்டியில் இருந்தவற்றில் எவை பறந்தன என்று அந்தக் கூட்டத்தில் கேட்டு வைக்கவும் வழியில்லாமல் போயிற்று.

பினோனி மாமா

செக்ரட்டரி பறவை ஒன்று புல்லில் எதையோ காலால் ஓங்கி ஓங்கி மிதிப்பதைப் பார்த்தேன். முட்டி மடங்கி நிமிர்கிற வேகத்தில் கண்ணுக்குக் கால் தெரியவில்லை, சத்தம்தான் வந்தது. அதைப் பார்க்க நாங்கள் நின்ற புல்லில் உண்ணி. எனவே எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன், யாரும் இதைப் பேசுவதே இல்லை.

வெளிர்நிற முழுக்கால் சட்டை போடுங்கள், உண்ணி ஏறினால் தெரியும். கால்சட்டை விளிம்பைச் சாக்ஸுக்குள் செருகுங்கள். வீட்டுக்கு வந்ததும் குளிக்கும்போது முட்டிக்குப் பின்புறம், தொடை இடுக்கு, இடுப்புப் பட்டை, அக்குள், காதுக்குப் பின்னால் எல்லாம் தடவிப் பாருங்கள். குழந்தைகளுக்குத் தலைமுடிக்குள்ளும் பாருங்கள். கடித்திருந்தால் தீக்குச்சி, மண்ணெண்ணெய், வாசலின் எதுவும் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுங்கள். கையால் நசுக்காதீர்கள்.

ஒரு வாரம் போலக் கழித்துத் தலைவலி, காய்ச்சல், கடித்த இடத்தில் கறுப்புப் பொருக்கு, பக்கத்தில் நெறிகட்டு வந்தால் அது உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். டாக்டரிடம் வெல்ட்டில், அதாவது புல்வெளியில், நடந்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். டாக்சிசைக்ளின் கொடுப்பார்கள், சீக்கிரமே சரியாகிவிடும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதையும் சொல்லித்தான் மருந்து வாங்க வேண்டும். ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் சாதாரணக் காய்ச்சல் என்று பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்துவிடாதீர்கள்.

மண் ரோடு

மெமெல் பக்கம் பறவை அட்லஸுக்காக, அதாவது எந்தப் பறவை எங்கே இருக்கிறது என்று பதிகிற வரைபட வேலைக்காக, போனோம். 2007-ல் தொடங்கிய இரண்டாம் அட்லஸ் தெரியுமல்லவா? ஒன்பது கிலோமீட்டர் நீளம், எட்டு கிலோமீட்டர் அகலம் போல ஒரு கட்டம், குறைந்தது இரண்டு மணி நேரம், கேட்டதும் பார்த்ததும் எல்லாம் பதிய வேண்டும். வேலி ஓரமாக நின்று ஆளுக்கொரு பைனாகுலரோடு பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு விவசாயியின் பக்கி (பிக்கப்) வண்டி வந்து எங்கள் காரை மறித்து நின்றது. அவர் இறங்கவில்லை. என்னையும் என் மனைவியையும்தான் பார்த்துக் கேட்டார், இங்கே என்ன வேலை என்று. அந்தப் பக்கம் மாடு திருட்டு அதிகம், அவர் பயம் எனக்குப் புரிந்தது. ஆனால் கிளப்பின் மற்றவர்களை விட்டுவிட்டு எங்களை மட்டும் கேட்டது சுருக்கென்று தைத்தது.

எங்கள் கிளப்பின் வயதான அம்மா ஒருவர் ஆஃப்ரிகான்ஸில் பேசி, பதிந்து வைத்த பட்டியலைக் காட்டினார். விவசாயி அதை மெதுவாக முழுசும் படித்தார். படித்துவிட்டு, நீலக் கொக்கு இல்லையே என்றார். பின்னால் வரச் சொன்னார். உழுத வயலின் நடுவில் ஒரு திட்டு மட்டும் உழாமல் கிடந்தது. கொக்கு அடைகாக்கிறது என்று டிராக்டரைச் சுற்றி ஓட்டச் சொன்னாராம். சாம்பல் நீலத்தில் வால்போலத் தரை தொடும் நீண்ட இறகோடு ஒன்று நின்றது, அதன் காலடியில் மஞ்சள் பழுப்புக் குஞ்சு.

விஷம் வைத்தும், புல்வெளியை மரத் தோட்டமாக்கியும் இந்தப் பக்கத்தில் எவ்வளவோ குறைந்துபோன பறவை அது. அதைக் காப்பாற்றுகிற மனிதரும் எங்களை அப்படிப் பார்த்த மனிதரும் ஒரே ஆள். போகும்போது என்னிடமும் கை நீட்டினார். கொடுத்தேன். இரண்டையும் சேர்த்து வைத்து என்ன நினைப்பது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

வெல்ட் நடை

மண் ரோடு, எங்களுக்கும் அது நடந்திருக்கிறது. கிளப் பெயர் எழுதிய காகிதத்தைக் கார் கண்ணாடியில் வைப்பது கொஞ்சம் உதவும். ஆனால் அது நாம் மட்டும் செய்கிற வேலையாக இருக்கக்கூடாது, எல்லாக் காரிலும் இருக்க வேண்டும்.

எஷோவே அண்ணா, டிலின்சாவில் நீங்கள் செய்ததைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் கூட்டத்தில் அளவு என்று சொன்னால் ஆளுக்கொரு அளவு வைத்துக்கொள்வார்கள். அதனால் கமிட்டிக்கு எழுதிவிட்டேன்: வண்டி நிறுத்துகிற இடத்திலேயே நடைத் தலைவர் ஸ்பீக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட வேண்டும், வழிகாட்டியின் தலையில் அதைக் கட்டக்கூடாது. பதில் வந்ததும் இங்கேயே போடுகிறேன்.